நடுவில் கிடக்கும் நிலம்

வட சென்னையின் பெரம்பூரில் பழைய செங்கல் சுவர் எதுவானாலும் அதில் ஓர் அரசங்கன்று இருக்கும். ரயில்வே பணிமனையின் மதில், மூடிப்போன மில்லின் சுற்றுச்சுவர், பாலத்தின் கைப்பிடிச் சுவர், மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயின் மூட்டு என்று இடம் மாறுமே தவிர செடி மாறாது. சுண்ணாம்புக் காரை உதிர்ந்த விரிசலில், ஒரு சிட்டிகை மண்கூட இல்லாத இடத்தில், நுனி நீண்ட இலைகள் நான்கைந்து காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். இழுத்தால் வராது. அறுத்துவிட்டால் அடுத்த மழைக்குத் துளிர்க்கும். ஏணி போட்டு ஏறிப் பார்த்தால், செடிக்கு மேலே சுவரின் விளிம்பில் பறவை எச்சம் வெள்ளையும் கருப்புமாகக் காய்ந்திருக்கும். அதைத் தண்ணீரில் கரைத்தால் கடுகைவிடச் சிறிய விதைகள் அடியில் தங்கும்.

ஒரு காக்கையோ மைனாவோ குயிலோ எங்கோ பழம் தின்றுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த 'எங்கோ'வுக்கும் 'இங்கே'க்கும் இடைப்பட்ட தூரம்தான் இந்த அத்தியாயத்தின் விஷயம். காடு துண்டு துண்டாக உடைந்த நிலத்தில் எந்தச் செடி பிழைக்கும், எது அழியும் என்பதை அந்தத் துண்டுகளின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. துண்டுகளுக்கு நடுவில் கிடக்கும் நிலத்தை யார் கடக்கிறார்கள் என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

அரச மரத்துக்கு இந்த நகரத்தில் இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறது. பழத்தைக் கொண்டுபோக நகரத்துக்குப் பழகிய பறவைகள் போதும். மகரந்தம் கொண்டுவரவோ ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள குளவி இருக்கிறது. ஆல், அரசு, அத்தி ஆகிய ஒவ்வோர் இனத்துக்கும் பெரும்பாலும் அதற்கே உரிய குளவி உண்டு. ஓரிரு நாள் ஆயுள் கொண்ட அந்தப் பூச்சி, மரத்துக்கு மேலே எழும்பிக் காற்றில் தன்னை விட்டுவிடும். நமீபியப் பாலைவனத்தில் உகாப் ஆற்றங்கரையோரம் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் நிற்கும் அத்தி மரங்களின் மரபணுக்களை ஒப்பிட்டு ஓர் ஆய்வுக் குழு 2009-ல் ஒரு கணக்குச் சொன்னது: குளவிகள் மகரந்தத்தைச் சராசரியாக 90 கிலோமீட்டர் அளவுக்குச் சுமந்திருக்கின்றன, அதிகபட்சம் 160. பெரம்பூரிலிருந்து விழுப்புரம் போய்ச் சேரும் தூரம் இது. இப்படிப்பட்ட தூதுவர் வாய்த்த மரத்துக்குச் சுவரும் சாலையும் ஒரு பொருட்டே இல்லை. அரசங்கன்றைப் பார்த்து இயற்கை எப்படியும் பிழைத்துக்கொள்ளும் என்று ஆறுதல் கொள்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆறுதலுக்கு இடமில்லை என்றே நினைக்கிறேன். சுவரில் முளைப்பது பெரும்பாலும் அரசுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். இந்த மண்ணுக்கு உரிய மற்ற மரங்கள் எங்கே?

சென்னைக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 1400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. எண்ணைப் பார்த்தால் வறண்ட ஊர் என்று சொல்ல முடியாது. ஆனால் அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். தை பிறந்தால் ஆறு மாதத்துக்கு வானம் வெறிச்சென்று கிடக்கும். கடலோர மணலும் செம்மண்ணும் அந்த நீரைப் பிடித்து வைப்பதில்லை. இந்த விசித்திரமான மழைக்கு ஏற்றபடி சோழமண்டலக் கரையில் ஒரு காடு உருவானது. தாவரவியலார் இதை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். கோடியக்கரைப் பக்கத்திலிருந்து ஆந்திரக் கடற்கரை வரை குறுகலான பட்டையாக நீண்டு கிடந்த காடு அது. மரங்கள் அதிக உயரம் போகாது. பத்து மீட்டர் வந்தால் பெரிது. ஆனால் கிளைகள் நெருங்கிக் கூரை கட்டிவிடும். இலைகள் சிறியவை, தடித்தவை, தோல் போன்றவை. கோடையிலும் உதிராது. உலக்கைக்கும் செக்குக்கும் பயன்பட்ட பாலை, நீலப் பூப் பூக்கும் காசா, வீரை, இரும்புலி, குருந்து, காரை, களா, இவற்றின் மேலேறிப் பின்னிக்கொள்ளும் சூரையும் பிற கொடிகளும் அந்தக் காட்டின் குடிகள். இவற்றில் பெரும்பாலானவை சதைப்பற்றுள்ள சிறு பழம் பழுப்பவை. காற்றை நம்பி விதை பரப்புகிறவை குறைவு. அதாவது இந்தக் காடு பறவையின் வாயை நம்பியும், வௌவால், மரநாய், நரி போன்றவற்றின் வாயை நம்பியும் வளர்ந்த காடு.

இன்று அது துண்டுகளாகத்தான் இருக்கிறது. பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாத் தீவில் பெரிய துண்டு ஒன்று பிழைத்திருக்கிறது. ராக்கெட் ஏவுவதற்காக வேலி போட்டதால் பிழைத்தது. தெற்கே கிண்டியில் கவர்னரின் பழைய எஸ்டேட்டில் மிஞ்சியது சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்காவாக இருக்கிறது; அதே எஸ்டேட்டின் இன்னொரு பகுதி ஐ.ஐ.டி. வளாகமாகி, நடுவில் மதில் எழுந்துவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு முன்னால் புத்துப்பட்டில் அய்யனார் கோயில் காடு இருக்கிறது. கடலூர் அருகே குழந்தைக்குப்பம், திருமாணிக்குழி ஆகிய ஊர்களின் கோயில் காடுகளைப் புதுவைப் பல்கலைக்கழகத்தின் பார்த்தசாரதியும் அவருடைய மாணவர்களும் 1990-களிலிருந்து மரம் மரமாக எண்ணி அளந்தார்கள். சில ஹெக்டேர்தான் ஒவ்வொன்றும். சாமிக்குப் பயந்து யாரும் கத்தி வைக்காததால் நின்ற காடுகள். வட சென்னையின் பங்குக்கு, எண்ணூர்க் கழிமுகத்துக்கு வடக்கே காட்டுப்பள்ளிப் பக்கம் மணல்மேடுகளில் பனைகளும் முட்புதர்களும் கொஞ்சம் மிச்சமிருக்கின்றன. அவற்றைச் சுற்றி இரண்டு துறைமுகங்கள், அனல் மின்நிலையங்கள், சாம்பல் குளங்கள், கன்டெய்னர் யார்டுகள்.

துண்டாவதால் என்ன கெட்டுவிடுகிறது? மொத்தப் பரப்பு குறைகிறது என்பது எல்லோருக்கும் புரியும். புரியாத பகுதி ஓரம். காசிமேட்டில் பெரிய மீனைக் கருவாடு போடுகிறவர்கள் அதை முழுசாக வெயிலில் வைப்பதில்லை. கீறிப் பிளந்து உப்பிடுவார்கள், அப்போதுதான் உள்ளே வரை காயும். காட்டையும் வெட்டிப் பிளந்தால் அதுதான் நடக்கிறது. ஒரு சதுர கிலோமீட்டர் சதுரமான காட்டுக்கு ஓரம் 4 கிலோமீட்டர். அதையே ஒரு ஹெக்டேர் துண்டுகள் நூறாக்கிவிட்டால் பரப்பு அதேதான்; ஓரமோ 40 கிலோமீட்டர். வெயிலும் வெப்பக்காற்றும் ஓரத்திலிருந்து 25 மீட்டர் வரை உள்ளே வந்து மண்ணைக் காயவைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முழுக்காட்டில் பத்தில் ஒன்பது பங்கு அதற்கு எட்டாமல் தப்பிக்கும். ஒரு ஹெக்டேர் துண்டில் தப்பிப்பது கால் பங்கு. ஈரக்காட்டில் இந்தக் காய்ச்சலைத் தாங்க மண்ணில் ஈரமாவது இருக்கும். ஆறு மாதம் மழையே இல்லாத நிலத்தில், ஓரத்தில் முளைத்த பாலைக்கன்று முதல் சித்திரையைத் தாண்டுவது கடினம். அதன் இடத்தில் உண்ணிச்செடி வரும், சீமைக்கருவேல் வரும்.

ஆனால் ஓரத்தைவிட எனக்கு அதிகக் கவலை தருவது நடுநிலம்.

ரயில்வே குடியிருப்புகளில் தவிட்டுக்குருவிக் கூட்டம் சாலையைக் கடப்பதைப் பார்த்திருக்கலாம். சாம்பலும் தவிட்டு நிறமுமான ஆறேழு பறவைகள், ஒரு வேம்பின் அடியில் சருகைக் கிளறிக்கொண்டு, ஓயாமல் கீச்சிட்டுப் பேசிக்கொண்டு இருக்கும். கிளம்ப வேண்டுமானால் முதலில் ஒன்று தாழ்ந்த கிளைக்கு ஏறும். எதிர்ச்சாரி மரத்தைப் பார்க்கும். நான்கைந்து முறை சிறகடித்து, மீதித் தூரத்தைச் சறுக்கிக்கொண்டே போய் உட்காரும். பிறகு குரல் கொடுக்கும். அடுத்தது போகும், அதற்கடுத்தது. கடைசிப் பறவை தனியாகக் கொஞ்ச நேரம் தவித்துவிட்டுப் பாயும். மரத்துக்கு மரம் போகும் பறவை இது. எதிரே மரம் இல்லையென்றால் கிளம்பாது. கன்டெய்னர் அடுக்கிய அரை கிலோமீட்டர் கான்கிரீட் தளம் அதற்குச் சுவர் மாதிரி. அதே தளத்தைக் காக்கை கவனிக்கக்கூட மாட்டாது. ஒரே நிலம் ஒரு பறவைக்கு வழியாகவும் இன்னொன்றுக்கு முற்றுப்புள்ளியாகவும் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், வயல்களுக்கு நடுவே தனித்து விடப்பட்ட காட்டுத் துண்டுகளில், மரமேறிச் சிறுபறவை ஒன்றின் ஆண்கள் துணையில்லாமல் வாழ்ந்துவந்ததைக் கண்டார்கள். உணவு இருந்தது, கூடு வைக்கப் பொந்து இருந்தது. பெண் பறவைகள்தான் இல்லை. அந்த இனத்தில் பிறந்த இடத்தை விட்டுப் புதிய இடம் தேடிப் போவது பெண் குஞ்சுகள். அவற்றால் திறந்த வயலைக் கடக்க முடியவில்லை. கூப்பர், வால்டர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பெண் பறவைகளைப் பிடித்துக் கொண்டுவந்து அங்கே விட்டுப் பார்த்தார்கள், ஜோடி சேர்ந்தன. 2002-ல் வெளிவந்த ஆய்வு அது. காடு கெட்டுப்போகவில்லை, வழிதான் அடைபட்டிருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனையை நான் படித்ததில்லை.

வறண்ட நிலத்துக் காடு உடைவதற்கும் வட சென்னைக்கும் இன்னொரு நேரடித் தொடர்பு உண்டு. அது குழாய்த் தண்ணீரில் இருக்கிறது. ஆந்திரத்தின் கடப்பா மாவட்டத்து முட்புதர்க் காட்டில் ஜெர்டன் கோர்சர் என்ற பறவை இருக்கிறது. தெலுங்கில் கலிவிக்கோடி. புறாவைவிடச் சற்றே சிறிய உடல், நீண்ட கால்கள், பெரிய கண்கள். இரவில் புதர்களுக்கு இடையிலுள்ள வெறுந்தரையில் ஓடி ஓடி இரை பொறுக்கும். சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன் 19-ஆம் நூற்றாண்டில் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். 1900-க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அழிந்துவிட்டதாகவே நினைத்திருந்தார்கள். 1986-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பரத் பூஷண், உள்ளூர் வேட்டைக்காரர்களின் உதவியோடு லங்கமலைக்குப் பக்கத்தில் மறுபடி கண்டுபிடித்தார்.

பிறகு தமிழ்நாட்டைச் சேர்ந்த பறவையியலாளர் ப. ஜெகநாதன் அங்கே ஆண்டுக்கணக்கில் வேலை செய்தார். இரவில் மட்டும் நடமாடும், கூச்சமுள்ள பறவையை எண்ணுவது எப்படி? புதர்களுக்கு நடுவே மெல்லிய மண்ணைப் பரப்பி, காலையில் போய்க் கால் தடம் தேடினார்கள். தானியங்கிக் கேமரா வைத்தார்கள். கிடைத்த முடிவு மிகவும் நுட்பமானது. இரண்டு மீட்டருக்கு மேல் உயரமான புதர் ஒரு ஹெக்டேரில் 300 முதல் 700 வரை இருக்க வேண்டும். குட்டையான புதர் ஆயிரத்துக்குள் இருக்க வேண்டும். அதைவிட அடர்ந்தாலும் பறவை ஓட முடியாது, அதைவிட வெளுத்தாலும் ஒளிய முடியாது. ஆடுமாடு அளவோடு மேய்ந்து, விறகும் அளவோடு வெட்டப்பட்ட காட்டில்தான் இந்தப் பக்குவம் இருக்கும். அரசாங்கக் கணக்கில் 'தரிசு' என்று எழுதப்படும் நிலம் இதுதான். வரைபடத்தில் காட்டைப் பச்சையாகத் தேடுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். 1991-க்கும் 2000-த்துக்கும் இடையில் அப்பகுதிப் புதர்க்காட்டில் 11 முதல் 15 சதவீதம் மறைந்துபோனதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. பெரும்பாலும் வயலாகிவிட்டது, எஞ்சிய துண்டுகள் சிறுத்துவிட்டன.

அந்தக் காட்டின் பக்கமாகத்தான் தெலுங்கு கங்கைத் திட்டமும் போகிறது. சென்னைக்கு 15 டி.எம்.சி. கிருஷ்ணா நீர் தருவதற்கான 1983 ஒப்பந்தத்தின் திட்டம் அது. 1996-ல் தண்ணீர் தமிழக எல்லையைத் தொட்டது. பூண்டிக்கும் அங்கிருந்து புழலுக்கும் வந்தது. 2005-ல் அதே திட்டத்தின் கால்வாய் வெட்டும் வேலை கடப்பாவில் இந்தப் பறவையின் இடத்துக்குள் புகுந்தது. மண்வாரி இயந்திரங்கள் புதர்களைப் பெயர்த்துப் போட்ட பிறகுதான் ஆய்வாளர்கள் கண்டார்கள். அவர்கள் விடாமல் போராடியதால் அங்கிருந்த சரணாலயத்தைத் தவிர்த்துக் கால்வாயின் பாதை மாற்றப்பட்டது. தண்ணீர் நமக்கு வேண்டும். அதில் விவாதமே இல்லை. பாதையைச் சற்றே வளைக்க முடிந்தது என்பதும், முதலில் அது யாருக்கும் தோன்றவில்லை என்பதும் சேர்ந்தே நினைவில் இருக்க வேண்டும். கால்வாய் என்பது வெறும் பள்ளம் அல்ல. தரையில் ஓடும் பறவைக்கு அது நடுக்காட்டில் கிழித்த எல்லைக்கோடு.

செடிகளின் கதை இன்னும் மெதுவாக நடக்கும். பறவை இல்லாமல் போனால் காலையில் தெரிந்துவிடும். மரம் அப்படி இல்லை. அர்ஜென்டினாவின் சாக்கோ வறள்காட்டில் ஐசன், ஃபைன்சிங்கர் என்ற ஆய்வாளர்கள் 16 வகைச் செடிகளைப் பெரிய காட்டிலும் சிறு துண்டிலும் ஒப்பிட்டு 1994-ல் எழுதினார்கள். சிறு துண்டில் மகரந்தச் சேர்க்கையும் விதைப்பும் பொதுவாக ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருந்தன. அந்த மண்ணுக்கே உரிய பூச்சிகள் விலகிய இடத்தை வெளியிலிருந்து வந்த தேனீக்கள் நிரப்பியிருந்தன. கோஸ்டாரிகாவின் வறள்காட்டில் வாழ்நாளைக் கழித்த டேனியல் ஜான்சென், மேய்ச்சல் நிலத்தில் தனித்து நிற்கும் பெரிய மரங்களை வாழும் பிணங்கள் என்றார். இலை விடுகின்றன, பூக்கின்றன. கன்று மட்டும் இல்லை. நூறாண்டு வாழும் மரம் என்றால், அதன் குடும்பம் அற்றுப்போனது நூறாண்டு கழித்துத்தான் ஊருக்குத் தெரியும்.

பாலை மரத்தை அப்படித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. மிக மெதுவாக வளரும். கோடியக்கரைப் பக்கம் அதன் மஞ்சள் பழத்தைக் கூடையில் வைத்து விற்பார்கள். பாலில் தோய்த்த மாதிரி இனிப்பும் உதட்டில் ஒட்டும் பிசினுமாக இருக்கும். கொண்டைக்குருவியும் குயிலும் அதைத் தின்னும். ஆனால் இவை போன்ற பறவைகளின் வயிற்றில் விதை பெரும்பாலும் அரைமணி நேரம்கூடத் தங்காது. அதற்குள் எங்கே உட்காருகின்றனவோ அங்கேதான் விதை விழும். உட்காரும் இடம் வேலிக் கம்பியாக இருந்தால் வேலியடியில்; மின்கம்பியானால் தார்ச்சாலையில். காட்டுப்பள்ளியின் புதரிலிருந்து பெரம்பூர் 20 கிலோமீட்டருக்கும் மேல். நடுவில் அதே வகை மரம் ஒன்றும் இல்லாவிட்டால் ஒரே மூச்சில் விதையைச் சுமந்துவர எந்தக் கொண்டைக்குருவியாலும் ஆகாது. அரசங்கன்று இங்கே முளைப்பதன் ரகசியமும் இதுவே: தெருவுக்கொரு தாய்மரம் இருக்கிறது.

நடுநிலம் எப்போதும் பகையாக இருக்க வேண்டியதில்லை. காங்கேயம் பக்கத்துக் கொரங்காடுகளைப் பாருங்கள். மாடு மேய விட்ட கொழுக்கட்டைப் புல் தரை, அங்கங்கே வெள்வேல மரம், நான்கு பக்கமும் கிளுவை முள்வேலி. யாரும் அதைச் சரணாலயம் என்று அறிவிக்கவில்லை. ஆனால் ஒரு வேலியிலிருந்து அடுத்த வேலிக்குத் தவிட்டுக்குருவியும் கொண்டைக்குருவியும் தாவிக்கொண்டே பல மைல் போகலாம். வேலியடியில் பிரண்டையும் சங்கஞ்செடியும் சூரையும் தாமாக வந்து சேர்ந்திருக்கும். வேலியைப் பிடுங்கிக் கம்பியும் கல்தூணும் நடுகிறவர்கள் நிலத்தின் அளவில் ஓர் அங்குலம்கூட இழப்பதில்லை. பறவைகள் வழியை இழக்கின்றன.

சீமைக்கருவேலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1870-களில் சென்னை மாகாணத்தில், அதே கடப்பாப் பக்கத்தில், விறகுக்காக விதைத்துத் தொடங்கியது அது. நெற்றை ஆடும் மாடும் தின்று சாணத்தில் பரப்புகின்றன. பறவையின் தயவு அதற்கு வேண்டாம். பிடுங்க வேண்டிய செடிதான். ஆனால் கழிமுக ஓரத்தில் மிச்சமிருக்கும் ஒரே புதர் அதுவே என்றால், மாற்றாக ஒன்றும் வளர்க்காமல் ஒரே நாளில் பொக்லைன் வைத்துத் துடைத்தெடுப்பது சிறு பறவைகளின் கடைசித் தங்கலையும் எடுத்துவிடும். பகுதி பகுதியாக எடுத்து, எடுத்த இடத்தில் உடனே நட்டுக்கொண்டு போவதே முறை.

ஐப்பசியில் வடக்கிலிருந்து ஆறுமணிக்குருவி வருகிறது. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைத் தெற்கிலும் இலங்கையிலும் கழிக்கும் பறவை. இரவில் பறந்து களைத்து, சென்னையில் வீட்டு பால்கனியிலும் படிக்கட்டிலும் விழுந்து கிடப்பது ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. பச்சை முதுகும் நீலத் தோளும் சிவந்த அடிவயிறுமாக ஒன்பது நிறம் கொண்ட அந்தப் பறவைக்கு வேண்டியது பூங்காவின் புல்தரை அல்ல. தாழ்ந்த புதரும், அதனடியில் மக்கிய சருகும், சருகுக்குள் புழுவும். பெரம்பூரில் அது கிடைக்கிற இடங்கள் இன்னும் இருக்கின்றன: ஐ.சி.எஃப். குடியிருப்பின் பழைய தோட்டங்கள், தண்டவாளத்தை ஒட்டிய பராமரிக்காத ஓரங்கள், சில கல்லறைத் தோட்டங்கள், பள்ளிகளின் பின்புறம். அழகுபடுத்துகிறோம் என்று முதலில் கை வைப்பதும் இவற்றில்தான்.

செய்ய வேண்டியது பெரிய செலவுள்ள காரியம் அல்ல. தாய்மரம் அருகில் இல்லாத ஊரில் பறவை செய்ய முடியாத முதல் நடையை மனிதர் நடக்க வேண்டும். பிறகு பறவை பார்த்துக்கொள்ளும். 1970-களிலிருந்து ஆரோவில்லில் அதைத்தான் செய்தார்கள். கோயில் காடுகளில் விதை பொறுக்கி, நாற்று விட்டு, வெறும் செம்மண் மேட்டில் நட்டார்கள். இன்று அங்கே பாலையும் காசாவும் நிற்கின்றன. ஒரு பள்ளியின் பின்சுவரை ஒட்டி ஆறடி அகலம், இருபதடி நீளம் இருந்தால் போதும். உயரத்துக்குக் குருந்தும் காசாவும், நடுவில் காரையும் களாவும், ஓரத்தில் ஒரு சூரைக்கொடி. இடைவெளி அதிகம் விடாமல் நெருக்கி நட வேண்டும். ஐப்பசி மழைக்குள் நட்டு, முதல் இரண்டு கோடைக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும். களா சில ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கிவிடும். பக்கத்தில் வேம்பு ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. பழம் தின்ற பறவை அதில்தான் போய் உட்காரும், அடுத்த தலைமுறைக் கன்று அதன் நிழலில்தான் முளைக்கும். அந்த வேம்பின் அடியை மட்டும் காலையில் யாரும் பெருக்காமல் இருக்க வேண்டும்.